கால்பந்தில் மோதலற்ற முழங்கால் தசைநார்க் காயம்: ஒரு வரலாறு

மோதலற்ற முழங்கால் தசைநார்க் காயம் என்பது, எதிரணி வீரரின் உடல் முழங்காலில் படாமலேயே, ஓட்டத்தில் நிற்கும்போதோ திசை திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ முழங்காலின் தசைநார் கிழிவதைக் குறிக்கும். இவற்றுள் முதன்மையானது முன் சிலுவைத் தசைநார்க் காயம். மருத்துவர்களும் விளையாட்டு உலகமும் இதை ஏ.சி.எல். காயம் என்று சுருக்கிச் சொல்கின்றனர். தமிழ்நாட்டு மைதானங்களில் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்பதே இதற்கான வழக்கு.

இக்காயத்துக்கு விசில் ஊதப்படுவதில்லை, மஞ்சள் அட்டையும் காட்டப்படுவதில்லை. தவறு செய்தவர் என்று சுட்டுவதற்கு எதிரே ஒருவரும் இல்லை. அதனால் நெடுங்காலம் இது வீரரின் துரதிர்ஷ்டமாக மட்டுமே பார்க்கப்பட்டது. தடுக்கக்கூடிய காயம் இது என்னும் எண்ணம் கடந்த 30 ஆண்டுகளில் உருவானது. அந்த மாற்றத்தின் வரலாற்றையும், இந்தியக் கால்பந்தில், குறிப்பாகத் தமிழ் வீரர் ஒருவரின் வாழ்வில், இக்காயம் ஏற்படுத்திய விளைவையும் இக்கட்டுரை கூறுகிறது.

ஒரே ஆட்டத்தில் இருவர்

2020 நவம்பர் 20 அன்று கோவாவின் பாம்போலிம் மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக்கின் ஏழாவது பருவம் தொடங்கியது. கொரோனா காலம் என்பதால் பருவம் முழுவதும் கோவாவிலேயே, பார்வையாளர்கள் இல்லாமல் நடந்தது. முதல் ஆட்டத்தில் ஏடிகே மோகன் பகான் அணியும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் மோதின. ராய் கிருஷ்ணா இரண்டாம் பாதியில் அடித்த ஒரே கோலால் ஏடிகே மோகன் பகான் வென்றது.

அந்த அணியின் இடது பக்கத்தில் ஆடியவர் மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை மீனவ ஊர்களிலிருந்து வந்தவர். சென்னை சிட்டி அணியில் ஆடிப் பெயர் பெற்று, ஜாம்ஷெட்பூர் அணி வழியாக 2019இல் ஏடிகே அணிக்குச் சென்றவர். அதே ஆண்டு இந்திய அணிக்காகவும் களமிறங்கினார். 2019-20 பருவத்தில் ஏடிகே கோப்பையை வென்றபோது அந்த அணியில் அவரும் இருந்தார். வேகமும் சட்டென்று திரும்பும் லாவகமுமே அவருடைய பலம்.

பாம்போலிம் ஆட்டம் தொடங்கிய கால் மணி நேரத்துக்குள் சூசைராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார். அவரால் ஆட்டத்தைத் தொடர முடியவில்லை. பரிசோதனையில் ஏ.சி.எல். காயம் என்று தெரிந்தது. புதிய பருவத்தின் முதல் ஆட்டமே அவருக்கு அப்பருவத்தின் கடைசி ஆட்டமும் ஆயிற்று. அப்போது அவருக்கு வயது 26.

அதே ஆட்டத்தில் அதே அணியின் தற்காப்பில் நின்றவர் சந்தேஷ் ஜிங்கன். 2019 அக்டோபரில் குவாஹாத்தியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியுடன் இந்திய அணி ஆடிய நட்பு ஆட்டத்தில் அவருக்கும் ஏ.சி.எல். காயம் ஏற்பட்டது. சில நாட்களில் கொல்கத்தாவில் நடந்த வங்கதேசத்துக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் அவர் இல்லை. அந்த ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்தது. 2019-20 பருவம் முழுவதையும் இழந்த ஜிங்கன், கேரளா பிளாஸ்டர்ஸை விட்டு விலகி ஏடிகே மோகன் பகானில் சேர்ந்தார். ஓராண்டுக்கு மேலான இடைவெளிக்குப் பின் பாம்போலிமில் தன் பழைய அணிக்கு எதிராக ஆடினார். அந்தப் பருவத்துக்கான இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த வீரர் விருதையும் பெற்றார்.

ஏ.சி.எல். காயத்திலிருந்து மீண்ட வீரர் ஒருவரும், அக்காயத்துக்கு அன்றுதான் ஆளான வீரர் ஒருவரும் ஒரே சீருடையில் ஆடிய ஆட்டம் அது. காயம் ஒன்றே ஆனாலும், அதன்பின் வரும் பாதை ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை என்பதற்கு இந்த ஆட்டம் எடுத்துக்காட்டு.

அமைப்பும் வேலையும்

எலும்பையும் எலும்பையும் பிணைப்பது தசைநார். தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் இரண்டு தசைநார்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. சிலுவை வடிவில் இருப்பதால் இவற்றுக்குச் சிலுவைத் தசைநார்கள் என்று பெயர். முன்னால் இருப்பது முன் சிலுவைத் தசைநார், பின்னால் இருப்பது பின் சிலுவைத் தசைநார்.

முன் சிலுவைத் தசைநாரின் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அகலம் ஒரு சென்டிமீட்டர் அளவு. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் தடுப்பதும், முழங்கால் அளவுக்கு மேல் திருகாமல் காப்பதும் இதன் வேலைகள். இளம் வயதினரின் தசைநார் ஏறத்தாழ 2,000 நியூட்டனுக்கும் சற்று மேலான இழுவிசையைத் தாங்கும். 200 கிலோ எடையைத் தொங்கவிடும் அளவு அது.

நேராக நடப்பதற்கு இத்தசைநார் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. வீக்கம் வடிந்த பின், தசைநார் அறுந்த ஒருவர் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைக் கடந்து பிறரைப் போலவே நடந்துவிடக்கூடும். ஆனால் அதே ஆள் மைதானத்தில் பந்தைத் துரத்திச் சென்று சட்டென்று இடப்பக்கம் திரும்பினால் முழங்கால் பிசகி விழுவார். இந்த வேறுபாடு பலரை ஏமாற்றுகிறது. 'நடக்க முடிகிறது, ஆகவே சரியாகிவிட்டது' என்று எண்ணி மீண்டும் ஆடச் செல்பவர்கள், முழங்காலின் அதிர்வைத் தாங்கும் மெனிஸ்கஸ் என்னும் பிறை வடிவக் குருத்தெலும்பையும் கிழித்துக்கொள்கின்றனர்.

மோதலற்ற காயத்தில் நடப்பது இதுதான். ஓடி வந்த வீரர் ஒரு காலை ஊன்றி வேகத்தைக் குறைக்கிறார். முழங்கால் அதிகம் மடங்காமல் ஏறத்தாழ நேராக இருக்கிறது. உடல் ஒரு பக்கம் சாய்கிறது, பாதம் தரையில் பதிந்து நிற்கிறது. முழங்கால் உள்நோக்கிச் சரிகிறது. முன்தொடைத் தசை வலுவாகச் சுருங்கிக் கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுக்கிறது. அதை எதிர்த்துப் பின்னால் இழுக்க வேண்டிய பின்தொடைத் தசை வேலையைத் தொடங்குமுன் தசைநார் அறுந்துவிடுகிறது. பல வீரர்கள் 'டப்' என்ற சத்தத்தைத் தாங்களே கேட்டதாகச் சொல்வதுண்டு. சில மணி நேரத்தில் மூட்டுக்குள் இரத்தம் கசிந்து முழங்கால் வீங்கும்.

ஆரம்பகால மருத்துவம்

முழங்கால் காயம் முடமாக்கும் என்பதைப் பண்டைய மருத்துவம் அறிந்திருந்தது. சுசுருத சம்ஹிதை முழங்காலை 'ஜானு மர்மம்' என்று குறிப்பிட்டு, அங்கு அடிபட்டால் நொண்டித்தன்மை ஏற்படும் என்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசில் வாழ்ந்த மருத்துவர் கேலன், சிலுவைத் தசைநார்களை மூட்டை நிலைநிறுத்தும் பகுதிகளாக விளக்கினார்.

இத்தசைநாரின் வேலையைச் சோதித்துக் காட்டியவர்கள் ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள். 1836இல் மனித நடையின் இயக்கவியலைப் பற்றிய நூலில், முன் சிலுவைத் தசைநாரை வெட்டினால் கீழ்க்கால் எலும்பு இயல்புக்கு மாறாக முன்னால் நகர்வதைப் பதிவு செய்தனர். பிரான்சின் லியோன் நகர மருத்துவர் அமெதே போனே 1845இல் காயத்தின்போது எழும் சத்தம், மூட்டுக்குள் இரத்தக் கசிவு, எலும்பு நழுவுதல் ஆகிய அடையாளங்களை விவரித்தார். எடின்பரோவின் ஜேம்ஸ் ஸ்டார்க் 1850இல் கிழிந்த சிலுவைத் தசைநார்களுக்கு அசையாமல் கட்டுப்போட்டுச் சிகிச்சை அளித்த இரு நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1875இல் பாரிஸில் நூலிஸ் என்ற கிரேக்க மருத்துவர், முழங்காலைச் சற்றே மடக்கிக் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்க்கும் சோதனையைத் தம் ஆய்வேட்டில் விளக்கினார். ஏறத்தாழ அதே சோதனை 1976இல் அமெரிக்க மருத்துவர் ஜான் லாக்மனின் பெயரால் மீண்டும் அறிமுகமாகி, இன்றுவரை கையால் செய்யும் சோதனைகளில் முதலிடம் பெற்றுள்ளது.

முதல் அறுவை சிகிச்சை விளையாட்டு வீரருக்குச் செய்யப்படவில்லை. 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர் 41 வயதுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் அறுந்த சிலுவைத் தசைநார்களைத் தைத்தார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் 1903இல் அந்த நோயாளி நல்ல நிலையில் இருப்பதாக எழுதினார். 1917இல் பிரிஸ்டல் நகரின் ஹே குரோவ்ஸ், அறுந்ததைத் தைப்பதற்குப் பதிலாக, தொடையின் வெளிப்புறத் திசுப் பட்டையை எலும்பில் துளையிட்டு நுழைத்துப் புதிய தசைநாராக அமைத்தார். இன்றைய சீரமைப்பு அறுவையின் அடிப்படைக் கருத்து இதுவே. ஆனாலும் அடுத்த அரை நூற்றாண்டுக்கு இது பரவலாகவில்லை.

மோதலே காரணம் என்ற காலம்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை முழங்கால் காயம் என்றால் மோதல் என்றே பொருள் கொள்ளப்பட்டது. 1950இல் அமெரிக்க மருத்துவர் டான் ஓ'டொனஹியூ, முன் சிலுவைத் தசைநார், உட்பக்கத் தசைநார், உட்பக்க மெனிஸ்கஸ் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிழியும் நிலையைத் 'துன்ப மும்மை' என்று அழைத்தார். அமெரிக்கக் கால்பந்தில் முழங்காலின் வெளிப்பக்கத்தில் விழும் அடியே இதற்கு உதாரணமாகக் காட்டப்பட்டது.

இங்கிலாந்துக் கால்பந்தில் இந்த எண்ணத்தை உறுதிப்படுத்திய நிகழ்வு 1962 டிசம்பர் 26 அன்று நடந்தது. சண்டர்லேண்ட் அணியின் முன்கள வீரர் பிரையன் கிளஃப், பரி அணியின் கோல்கீப்பருடன் மோதி விழுந்தார். முழங்காலின் சிலுவைத் தசைநாரும் பக்கத் தசைநாரும் கிழிந்தன. 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்கள் அடித்திருந்த அவருக்கு அப்போது வயது 27. பின்னர் சில ஆட்டங்களில் மட்டும் தலைகாட்ட முடிந்தது. வீரராக அவர் வாழ்வு முடிந்தது. பயிற்சியாளராக நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கு 1979, 1980 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பைகளை வென்று தந்த வாழ்வு அதன் பின்னரே அமைந்தது.

சரியாக 30 ஆண்டுகள் கழித்து, 1992 டிசம்பர் 26 அன்று, பிளாக்பர்ன் அணியின் ஆலன் ஷியரருக்கு லீட்ஸ் அணியுடனான ஆட்டத்தில் ஏ.சி.எல். காயம் ஏற்பட்டது. அவர் அறுவை சிகிச்சைக்குப் பின் திரும்பி வந்தார். 1994-95 பருவத்தில் 34 கோல்கள் அடித்துத் தன் அணியைச் சாம்பியனாக்கினார். கிளஃபுக்கும் ஷியரருக்கும் இடைப்பட்ட 30 ஆண்டுகளில் மாறியது மருத்துவம்.

அறுவை சிகிச்சையின் வளர்ச்சி

1918இல் டோக்கியோவில் கெஞ்சி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியைக் கொண்டு இறந்தவரின் முழங்காலுக்குள் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வதனபே 1950களின் இறுதியில் நடைமுறைக்கு உகந்த மூட்டு அகநோக்கியை உருவாக்கினார். இதுவே ஆர்த்ரோஸ்கோப்பி. முழங்காலைப் பெரிதாகத் திறக்காமல், சிறு துளைகள் வழியே உள்ளே பார்த்து வேலை செய்யும் வழி இதனால் பிறந்தது. 1963இல் கென்னத் ஜோன்ஸ், முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணின் ஒரு பகுதியை எடுத்து முன் சிலுவைத் தசைநாராகப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். 1980இல் இங்கிலாந்தின் டேவிட் டாண்டி ஆர்த்ரோஸ்கோப்பி உதவியுடன் ஏ.சி.எல். சீரமைப்பைச் செய்தார். இப்போது முழங்கால் சில்லுத் தசைநாண் அல்லது பின்தொடைத் தசைநாணிலிருந்து எடுக்கும் ஒட்டு பரவலாகப் பயன்படுகிறது.

இந்த இடைக்காலத்தின் கடுமையைச் சொல்லும் வாழ்வு இத்தாலியின் ராபர்ட்டோ பாஜியோவுடையது. 1985 மே 5 அன்று, 18 வயதில், விசென்சா அணிக்காக ரிமினிக்கு எதிராக ஆடியபோது அவருடைய வலது முழங்காலின் தசைநாரும் மெனிஸ்கஸும் கிழிந்தன. அந்த நாட்களில்தான் ஃபியோரென்டினா அணிக்கு அவர் விற்கப்பட்டிருந்தார். பிரான்சின் சாந்த் எத்தியென் நகரில் அறுவை நடந்தது. தையல்கள் மட்டும் 220. ஃபியோரென்டினா ஒப்பந்தத்தைக் கைவிடவில்லை. 1993இல் அவர் பலோன் தோர் விருது பெற்றார். காயம்பட்ட இளைஞரை ஓர் அணி காத்திருந்து ஏற்றதால் கிடைத்த வாழ்வு அது. காத்திருக்காத அணிகளின் வீரர்கள் வரலாற்றில் பதிவாகவில்லை.

மறுவாழ்வுப் பயிற்சியும் மாறியது. அறுவைக்குப் பின் பல வாரங்கள் மாவுக்கட்டில் காலை வைத்திருப்பதே 1980கள்வரை வழக்கம். அதனால் மூட்டு இறுகித் தசை மெலிந்தது. 1990இல் டொனால்டு ஷெல்போர்னும் பால் நிட்சும், காலை விரைவில் நீட்டி மடக்கவும் எடை ஊன்றவும் விடும் முறையை முன்வைத்தனர். இதன் மறுபக்கம் பின்னர் தெரிந்தது. 2016இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று, அறுவைக்குப் பின் ஒன்பது மாதங்கள்வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தின் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று காட்டியது. சீக்கிரம் நடப்பது நல்லது, சீக்கிரம் ஆடுவது நல்லதல்ல என்பதே இவ்விரண்டும் சேர்ந்து தரும் பாடம்.

காணொளி காட்டிய உண்மை

மோதல்தான் காரணம் என்ற நம்பிக்கையைத் தகர்த்தது தொலைக்காட்சிப் பதிவு. ஆட்டங்கள் பல கோணங்களில் படமாக்கப்பட்டதால், காயம் ஏற்பட்ட நொடியைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்தது. 2015இல் ஸ்வீடனின் மார்கஸ் வால்டேன் குழுவினர் தொழில்முறை ஆண் வீரர்களின் 39 ஏ.சி.எல். காயங்களின் காணொளிகளை ஆராய்ந்தனர். அவற்றில் 25 முற்றிலும் மோதலற்றவை. 8 காயங்களில் உடலின் வேறு பகுதியில் மட்டும் மோதல் இருந்தது. முழங்காலில் நேரடியாக அடிபட்டவை 6 மட்டுமே. 2020இல் இத்தாலியத் தொழில்முறை லீக்குகளின் 134 காயங்களை ஆராய்ந்த பிரான்செஸ்கோ டெல்லா வில்லா குழுவினரும் இதையே கண்டனர். 100இல் 88 காயங்களில் முழங்காலில் அடியே படவில்லை.

எந்தச் சூழலில் இக்காயம் நேர்கிறது என்பதும் தெளிவாயிற்று. பந்து வைத்திருக்கும் எதிராளியை நெருக்கி அவரைத் தடுக்கத் திரும்பும் நொடி முதன்மையானது. பந்தை உதைத்தபின் சமநிலையை மீட்கும் நொடி, தலையால் முட்டக் குதித்து ஒற்றைக் காலில் இறங்கும் நொடி ஆகியவை அடுத்தவை. பெண் கைப்பந்து, கூடைப்பந்து வீராங்கனைகளின் பதிவுகளை ஆராய்ந்த 2010ஆம் ஆண்டு ஆய்வு, பாதம் தரையில் பட்ட ஏறத்தாழ 40 மில்லி நொடிகளுக்குள் தசைநார் அறுந்துவிடுகிறது என்று மதிப்பிட்டது. மூளை ஆபத்தை உணர்ந்து தசைக்குக் கட்டளையிட அந்த நேரம் போதாது. ஆகவே அந்த நொடியில் கவனமாக இருப்பது என்பது இயலாத ஒன்று. உடலை முன்னரே பழக்குவதுதான் ஒரே வழி. தடுப்புப் பயிற்சிகளின் அடிப்படை இதுவே.

இவ்வகைக் காயத்துக்குப் பலரும் கண்ட சான்று ஸ்லாட்டன் இப்ராகிமோவிச். 2017 ஏப்ரல் 20 அன்று மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காக ஆண்டர்லெக்ட் அணியுடன் ஆடியபோது, உயரே குதித்து இறங்கிய அவருடைய முழங்கால் பின்னோக்கி வளைந்தது. 35 வயதிலும் ஏழு மாதங்களில் அவர் திரும்பினார். பிரேசிலின் ரொனால்டோவுக்கு 2000 ஏப்ரலில் ரோமில் ஏற்பட்டதும் எவரும் தொடாத காயமே. ஆனால் அங்கு அறுந்தது சிலுவைத் தசைநார் அல்ல, முழங்கால் சில்லுத் தசைநாண். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கமான பிழை.

பெண்கள் கால்பந்து

ஆண்களைவிடப் பெண் வீரர்களுக்கு ஏ.சி.எல். காயம் இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம் ஏற்படுகிறது. இடுப்பு, முழங்கால் அமைப்பு, ஹார்மோன் ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டு வந்தன. அண்மைக் காலத்தில் வேறு கேள்விகளும் எழுப்பப்படுகின்றன. ஆண்களின் பாதத்தை அளவாகக் கொண்டு செய்த பூட்ஸ், தரம் குறைந்த மைதானம், சிறுவயதில் எடைப் பயிற்சி கிடைக்காமை, குறைந்த மருத்துவ உதவி ஆகியவற்றுக்கும் பங்குண்டா என்பதே அக்கேள்விகள்.

2022 ஜூலை 5 அன்று, ஐரோப்பியக் கோப்பை தொடங்குவதற்கு முந்தைய நாள் பயிற்சியில், ஸ்பெயினின் அலெக்சியா புத்தேயாஸ் ஏ.சி.எல். காயமுற்றார். அப்போது அவர் பலோன் தோர் விருதை வைத்திருந்தவர். இங்கிலாந்தின் பெத் மீட், லியா வில்லியம்சன், நெதர்லாந்தின் விவியன் மீடமா ஆகியோர் இதே காயத்தால் 2023 உலகக் கோப்பையில் ஆடவில்லை. புத்தேயாஸ் மீண்டு வந்து அக்கோப்பையை வென்ற அணியில் இருந்தார். 2024இல் வீரர்களின் சங்கமான ஃபிஃப்ப்ரோ, இங்கிலாந்தின் வீரர் சங்கம் முதலியவை சேர்ந்து இக்காயத்தைக் குறைப்பதற்கான மூன்றாண்டு ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கின.

காயத்தின் விளைவு விளையாட்டோடு முடிவதில்லை. ஸ்வீடனில் ஏ.சி.எல். காயம்பட்ட பெண் கால்பந்து வீரர்களை 12 ஆண்டுகளுக்குப் பின் பரிசோதித்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. அப்போது அவர்களின் சராசரி வயது 31.

தடுப்புப் பயிற்சிகள்

1996இல் இத்தாலியின் கராஃபா குழுவினர் 40 அணிகளைச் சேர்ந்த 600 வீரர்களைப் பின்தொடர்ந்தனர். அவர்களில் பாதிப் பேர் சமநிலைப் பலகையில் நின்று தினமும் பயிற்சி செய்தனர். அவர்களுக்கு ஏ.சி.எல். காயம் மிகக் குறைவாகவே ஏற்பட்டது. 2005இல் அமெரிக்காவில் மாண்டல்பாம் குழுவினர் இளம் பெண் வீரர்களுக்கு 20 நிமிடப் பயிற்சி ஒன்றைக் கற்பித்தனர். முதல் ஆண்டில் காயம் 88 விழுக்காடும் இரண்டாம் ஆண்டில் 74 விழுக்காடும் குறைந்ததாக அவர்கள் எழுதினர்.

இவற்றின் தொடர்ச்சியாக ஃபிஃபா 2006இல் '11+' என்ற பயிற்சியை வடிவமைக்கச் செய்தது. 2008இல் வெளியான நார்வே ஆய்வில் 13 முதல் 17 வயதுவரையுள்ள 1,892 சிறுமிகள் பங்கேற்றனர். பயிற்சி செய்த அணிகளில் ஒட்டுமொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இப்பயிற்சி மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலில் மெதுவான ஓட்டம். அடுத்து வயிறு, தொடைத் தசைகளுக்கான வலுப் பயிற்சி, ஒற்றைக் காலில் சமநிலை, குதித்து இறங்குதல். இறுதியில் வேக ஓட்டமும் திசை மாற்றமும். மொத்தம் 20 நிமிடம், வாரத்துக்கு இரு முறையாவது. ஒரு பந்தும் மைதானமும் போதும். குதித்து இறங்கும்போது முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், உள்நோக்கிச் சரியாமல் பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும் என்பதே அதன் மையப் பாடம்.

இவ்வளவு தெரிந்தும் உயர்மட்டக் கால்பந்தில் இக்காயம் குறையவில்லை. ஐரோப்பாவின் பெரிய அணிகளை 2001 முதல் பின்தொடரும் ஆய்வின்படி, ஓர் அணியில் ஏறத்தாழ இரு பருவங்களுக்கு ஒரு ஏ.சி.எல். காயம் நேர்கிறது. காயம்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் ஆட்டத்துக்குத் திரும்பிவிடுகின்றனர். ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து உயர்மட்டத்தில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் 65 விழுக்காட்டினரே. திரும்பி வருதல் என்பதும் முன்பு இருந்த இடத்துக்குத் திரும்புதல் என்பதும் வேறு வேறு. ஆட்டங்களின் எண்ணிக்கை கூடியதும், ஆட்டத்தின் வேகம் கூடியதும் பயிற்சியின் பலனை விழுங்கிவிடுகின்றன என்பது பலருடைய கருத்து.

இந்தியாவும் தமிழ்நாடும்

1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் பிரான்சை எதிர்த்து ஆடி 1-2 என்று தோற்றனர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றபின் பூட்ஸ் கட்டாயமாயிற்று. பூட்ஸின் அடியில் உள்ள குமிழ்கள் தரையைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. அதே பிடிப்பு, உடல் திரும்பும்போது பாதத்தைத் திரும்பவிடாமல் தடுத்து முழங்காலுக்குச் சுமையை அனுப்பவும் கூடும். எந்தத் தரைக்கு எந்தப் பூட்ஸ் என்பது இதனால் மருத்துவக் கேள்வியும் ஆகிறது. புல் மைதானத்துக்கான நீளக் குமிழ்ப் பூட்ஸை வாங்கி இறுகிய மண் தரையில் ஆடுவது நம் ஊர்களில் காணும் பழக்கம்.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபின் வீரர்களின் காயங்கள் பொதுவெளியில் பெயர் சொல்லிப் பேசப்பட்டன. 2023 செப்டம்பரில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பைப் போட்டியில் ஆஷிக் குருணியன் ஏ.சி.எல். காயமுற்று நெடுங்காலம் விலகியிருந்தார். 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் சிரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் ஜிங்கனுக்கு மீண்டும் முழங்கால் காயம் ஏற்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குள் அவர் முழங்காலுக்காக இரண்டாவது முறை மைதானத்தை விட்டு விலக நேர்ந்தது. தேசிய அணிக்காக ஆடும்போது 28 நாட்களுக்கு மேல் நீடிக்கும் காயம் ஏற்பட்டால், வீரரின் கிளப்புக்கு இழப்பீடு தரும் திட்டத்தை ஃபிஃபா 2012 முதல் நடத்துகிறது. அது ஈடுசெய்வது கிளப் தரும் ஊதியத்தை மட்டுமே. வீரர் இழக்கும் பருவத்தை ஈடுசெய்ய எந்தத் திட்டமும் இல்லை.

சூசைராஜ் பின்னர் ஒடிசா அணிக்குச் சென்றார். திசை மாற்றும் வேகத்தை நம்பி ஆடும் ஓரக்கள வீரருக்கு 26ஆம் வயதில் இழக்கும் பருவம் பெரிய இழப்பு. தற்காப்பு வீரர் தன் அனுபவத்தால் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளலாம். ஓரக்கள வீரருக்கோ எதை நம்பி ஆடினாரோ அதையே முழங்கால் மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அவருக்குக் கிளப் மருத்துவரும், ஸ்கேன் வசதியும், அறுவைக்குப் பின் இயன்முறைப் பயிற்சியாளரும் இருந்தனர். கன்னியாகுமரிக் கடற்கரையிலும் சென்னை வியாசர்பாடியிலும் மாவட்ட லீக்குகளிலும் ஆடும் பல நூறு இளைஞர்களுக்கு அவை இல்லை. வீங்கிய முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்து, வலி குறைந்ததும் அடுத்த ஞாயிறு ஆடச் செல்கிறார்கள். அவர்களுடைய காயம் எந்த ஆய்விலும் எண்ணப்படுவதில்லை. பலருக்கு அது கால்பந்தை மட்டுமல்ல, விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கவிருந்த கல்லூரி இடத்தையும் வேலையையும் இல்லாமலாக்குகிறது.

மதிப்பீடு

இக்காயத்தின் வரலாற்றில் இரண்டு திருப்பங்கள் உள்ளன. அறுந்த தசைநாரைப் புதிதாக அமைக்க முடியும் என்பது முதலாவது. சுரங்கத் தொழிலாளியின் முழங்காலில் தொடங்கி, கிளஃபுக்குக் கிடைக்காதது ஷியரருக்குக் கிடைக்கும்வரை, அது ஏறத்தாழ 100 ஆண்டுகள் எடுத்தது. அறுவதையே பெருமளவு தடுக்க முடியும் என்பது இரண்டாவது. யாரும் தொடாமல் நேரும் காயம் என்பதாலேயே அது வீரரின் உடல் இயங்கும் விதத்தைச் சார்ந்தது. அந்த விதத்தைப் பயிற்சியால் மாற்றலாம்.

முதல் திருப்பத்துக்கு மருத்துவமனையும் பணமும் தேவை. இரண்டாவதற்கு 20 நிமிடமும் அதைக் கற்றுத்தரும் உடற்கல்வி ஆசிரியரும் போதும். தமிழ்நாட்டின் பள்ளி, கல்லூரி அணிகளைப் பொறுத்தவரை எட்டும் தூரத்தில் இருப்பது இரண்டாவதே. பயிற்சி தொடங்கும்போது நேராகப் பந்தை உருட்டி ஆடச் செல்வதற்கு முன் அந்த 20 நிமிடத்தைச் செலவிடும் அணிகளின் எண்ணிக்கை கூடும்போது, மாவட்ட லீக் மைதானங்களில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழும் இளைஞர்களின் எண்ணிக்கை குறையும்.